சித்திரைதான் தோட்டத்து மாதம்

நடுவர் ஐயா அவர்களுக்கும், கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சுங்கை சிப்புட் மக்களுக்கும் வணக்கம். மலேசியத் தோட்டத் தமிழர் வாழ்வில் முதலிடம் தைக்கா சித்திரைக்கா? இதுதான் தலைப்பு. எதிரணி அண்ணன் தைக்காக முழங்கிவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தார். அறுவடை என்றார், பத்துமலைத் தைப்பூசம் என்றார், தை பிறந்தால் வழி பிறக்கும் என்றார். கைதட்டல் பலமாகவே இருந்தது, நானும் தட்டினேன். ஆனால் அண்ணே, நம் தாத்தா பாட்டி இங்கே எந்த வயலில் கதிர் அறுத்தார்கள்? அவர்கள் வெட்டியது பால்மரம், அதாவது ரப்பர்.

அந்த மரத்தைக் கேட்போம். பொங்கல் முடிந்த கையோடு ரப்பர் இலை பழுக்கத் தொடங்கும், மாசியில் கொட்டித் தீர்த்துவிட்டு மரம் மொட்டையாக நிற்கும், மர நிரைக்குள் வெயில் நேராக இறங்கும், மங்கில், அதாவது பால் பிடிக்கிற கோப்பையில், பால் குறையும், அதோடு சம்பளமும் குறையும், கடைக்காரர் நோட்டில் மட்டும் கணக்கு ஏறிக்கொண்டே போகும். அப்புறம்தான் தளிர். வரும்போது அது பச்சை இல்லை. செம்பு நிறத்தில், துவண்டு, தலைகீழாகத் தொங்கும், கூடவே சின்னச் சின்ன மஞ்சள் பூ. அந்த இலை நிமிர்ந்து, தடித்து, பச்சை பிடித்தால்தான் பால் திரும்பும். அது சித்திரையை ஒட்டித்தான் நடக்கும். மலேசியாவில் ஏது வசந்தம் என்று நீங்கள் சிரிக்கலாம், மரம் சிரிக்காது.

நம் முன்னோரும் சித்திரை, வைகாசி இரண்டையும்தான் இளவேனில் என்றார்கள். ஆட்டைத் தலையாக வைத்து, அதாவது மேட ராசியிலிருந்து, ஞாயிறு சுற்றுவதாக நெடுநல்வாடை பேசுகிறது. புகாரில் 28 நாள் இந்திர விழா நடந்ததும் சித்திரையில். மதுரையில் மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்குக் கொண்டுவந்து அழகர் திருவிழாவோடு சேர்த்தார் என்பார்கள். தமிழ்நாட்டில் 2008-இல் தை முதல் நாளைப் புத்தாண்டாக்கிச் சட்டம் போட்டு 2011-இல் அதை நீக்கினார்கள், அந்தச் சண்டை அங்கேயே இருக்கட்டும்.

பத்துமலை பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் பேராக் மாநிலத்திலேயே தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமிக்கு வருகிற கூட்டத்தை அண்ணன் ஏன் விட்டுவிட்டார்? தைப்பூசத்துக்கு நாம் பஸ் ஏறிப் போனோம். சித்திரைத் திருவிழா வைக்கிற தோட்டங்களில் மாரியம்மன் நாம் குடியிருந்த லயத்து வீட்டு வாசலுக்கே வந்தாள், வாசலில் மஞ்சள் தண்ணீரும் ஆரத்தித் தட்டுமாக நின்றோம்.

விழா மட்டுமா? 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் கொதித்துக்கொண்டிருந்தபோது தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்துப் போனது மே மாதத் தொடக்கத்தில், அது சித்திரை. அவர்கள் கேட்டது என்ன? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடுவது, துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்று ஒருவன் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும், யோசித்துப் பாருங்கள். தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதியைப் புடு சிறையில் தூக்கிலிட்டது 1949 மே 4, அதுவும் சித்திரை. பொங்கல் பானையைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிய எதிரணிக்கு இந்த இரண்டு பெயரில் ஒன்றாவது வாயில் வந்ததா?

ரப்பர் போய் எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை ஆகிவிட்டதே என்று அடுத்து கேட்பீர்கள், தெரியும். தோட்டம் கைமாறிப் போச்சு, லயத்தையும் இடித்தாச்சு. ஆனாலும் திருவிழா நோட்டீஸ் வாட்சாப்பில் வந்ததும் ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கார் போட்டு வருகிறார்களே, அறுவடை பார்க்கவா வருகிறார்கள்?

மணி அடித்துவிட்டார் நடுவர், சரி. அடுத்து பேச வரும் எதிரணி அக்கா, மாசி மாதம் மங்கில் எவ்வளவு பால் இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு மைக்கைப் பிடிக்கட்டும்.