கேமராவை அணைத்துவிட்டுப் பார்த்த ஜெப ஆலயம் | மட்டாஞ்சேரி யூதத் தெரு வ்லாக்

வணக்கம் மக்களே. எனக்குப் பின்னால் ஒரு மணிக்கூண்டு தெரிகிறதா? இருங்கள், கேமராவைக் கொஞ்சம் தூக்குகிறேன். ஆங், இப்போது தெரியும். கொச்சி மட்டாஞ்சேரியில், யூதத் தெருவின் கோடியில், ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன், பயப்படாதீர்கள். இப்போதுதான் யூதர்கள் தொழும் பரதேசி ஜெப ஆலயத்துக்குள் போய்விட்டு வெளியே வந்தேன். உள்ளே வீடியோ எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இன்றைக்கு நீங்கள் அதிகம் பார்க்கப்போவது என் முகத்தைத்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெயர். நம் ஊரில் ஒருவரைப் பரதேசி என்று கூப்பிட்டால் அடி விழும். இங்கே அதையே ஜெப ஆலயத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். பரதேசத்திலிருந்து வந்தவர், அவ்வளவுதான் அர்த்தம். 1492-ல் ஸ்பெயின் தன் யூதர்களை நாட்டை விட்டுத் துரத்தியது. அங்கே இங்கே அலைந்து சில குடும்பங்கள் கொச்சி வந்து சேர்ந்தன. அவர்கள்தான் பரதேசிகள். அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தக் கரையில் யூதர்கள் இருந்தார்கள். அவர்களை மலபாரி யூதர்கள் என்பார்கள். இந்த இரண்டு பெயர்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நேற்றே வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று சனிக்கிழமை. சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம் இருக்கிறது, ஆனால் படகில் ஏறும்போது அது வரவில்லை. மூடிய கதவைப் படம் பிடித்துக்கொண்டு எறணாகுளம் திரும்பினேன். நீங்கள் வெள்ளி மதியத்துக்கு மேலும் சனிக்கிழமையும் வராதீர்கள்.

சரி, உள்ளே போவோம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். நமக்கு அது பழக்கம்தான், ஆனால் உலகத்தில் பெரும்பாலான ஜெப ஆலயங்களில் அப்படி இல்லை. கேரளக் காற்று பட்ட வழக்கம். பக்கத்திலேயே மட்டாஞ்சேரி அரண்மனை, அதை ஒட்டிப் பகவதி கோவில். கோவிலும் ஜெப ஆலயமும் சுவரோடு சுவர். கொச்சி ராஜா கொடுத்த நிலத்தில் 1568-ல் கட்டியது இது. 1662-ல் போர்த்துக்கீசியர் தீ வைத்தார்கள், டச்சுக்காரர் வந்த பிறகு மறுபடி எடுத்துக் கட்டினார்கள்.

உள்ளே காலடி வைத்ததும் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். பெல்ஜியம் கண்ணாடி விளக்குகள், வண்ண வண்ணமாக, ஒரு கூட்டமே தொங்குகிறது. நான் கீழே பார்த்தேன். தரை முழுக்க வெள்ளையில் நீலம், சீனப் பீங்கான் கற்கள். 18ஆம் நூற்றாண்டில் கான்டன் நகரத்திலிருந்து கப்பலில் வந்தவை. கையால் வரைந்தவை. வரவழைத்தவர் எசேக்கியேல் ராஹபி, டச்சுக் கம்பெனியோடு பெரிய அளவில் வியாபாரம் செய்தவர். ஒரு கல் மாதிரி இன்னொரு கல் இல்லை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நான் குனிந்து பத்து நிமிடம் பார்த்தேன். வடிவங்கள் என்னவோ சிலதான், திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் வரைந்த கை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஒரு கல்லில் மரக்கிளை தடிமன், அடுத்த கல்லில் மெலிசு. ஒரு மூலையில் யாரோ அவசரமாகத் தீட்டியிருக்கிறார்கள், மை பரவியிருக்கிறது. வெறும் காலோடு அதன் மேல் நிற்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது.

நடுவில் பித்தளைக் கம்பி சூழ்ந்த மேடை. அங்கே நின்றுதான் யூதர்களின் வேதமான தோராவை வாசிப்பார்கள். எதிரே பேழை, அதற்குள் தோராச் சுருள்கள். மாடியிலும் ஒரு மேடை உண்டு. பண்டிகை நாளில் மாடியிலிருந்தும் வாசிப்பது கேரள ஜெப ஆலயங்களுக்கே உரிய அமைப்பு. அந்த மேடைக்குப் பின்னால், மரத்தடுப்புக்கு அப்பால், பெண்கள் உட்காரும் இடம்.

முன் அறையில் வரிசையாக ஓவியங்கள். அதில் ஒன்றின் முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றேன். ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகர் தலைவர், சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மனிடமிருந்து செப்பேடு வாங்குகிற காட்சி. சமூகத்தின் மரபு இதைக் கி.பி. 379 என்கிறது. எழுத்தை வைத்துப் பார்க்கும் கல்வெட்டு அறிஞர்கள் கி.பி. 1000-ஐ ஒட்டி என்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. விஷயம் என்னவென்றால், அந்தச் செப்பேடு வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் இருக்கிறது. மொழி, தமிழிலிருந்து மலையாளம் இன்னும் முழுதாகப் பிரியாத காலத்து மொழி. நமக்கே பாதிக்கு மேல் புரியும்! அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையை ரப்பானுக்குக் கொடுத்து, அதோடு 72 விடுபேறுகளும், அதாவது சிறப்பு உரிமைகளும், மன்னர் கொடுக்கிறார். பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம் என்று போகிறது. பாவாடை என்றதும் சிரிக்காதீர்கள், நடக்கும் வழியில் விரிக்கும் துணி அது. பகல்விளக்கு என்றால் பட்டப்பகலில் முன்னால் விளக்குப் பிடித்துப் போகும் மரியாதை. இந்த உரிமை உலகமும் சந்திரனும் உள்ளவரை என்று எழுதியிருக்கிறது. கொடுத்த இடம் முயிரிக்கோடு, அதாவது சங்கப் பாடல்களில் வரும் முசிறி. அஞ்சுவண்ணம் என்ற பெயர் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் உண்டு. தக்கலைக்காரர்கள் இதைப் பார்த்தால் கமென்டில் வாருங்கள், உங்கள் ஊர் பீர் முகம்மது அப்பா தர்கா பக்கம் இந்தப் பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது.

அப்புறம் இந்த இடத்தைப் பற்றி யாரும் ரீல்ஸில் சொல்லாத ஒன்று. இந்த அழகான தரையில் எல்லா யூதர்களும் சமமாக நடக்கவில்லை. மலபாரி யூதர்களுக்குத் தனி ஜெப ஆலயங்கள், அவர்கள் இங்கே உறுப்பினராக முடியாது. அதற்கும் கீழே, அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்களின் பரம்பரை. அவர்கள் இங்கே வந்து தொழலாம், ஆனால் முன் அறையில் அல்லது தரையில்தான் உட்கார வேண்டும், தோரா வாசிக்க மேடை ஏற முடியாது. அந்தப் பரம்பரையில் 1882-ல் பிறந்தவர் ஆபிரகாம் பாராக் சேலம். சென்னையில் சட்டம் படித்து வக்கீலானவர். காந்தி வழியில் இந்த ஜெப ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். வெளியே சுதந்திரப் போராட்டம், உள்ளே சொந்த ஜனங்களோடு போராட்டம். யூத காந்தி என்று அவரைச் சொல்வார்கள். தடைகள் ஒரே நாளில் போகவில்லை, படிப்படியாகத்தான் போயின.

ஊரை விட்டு ஓடிவந்தவர்கள், பரதேசி என்ற பெயரைச் சுமந்தவர்கள், தங்களுக்குள்ளேயே ஒருவரைத் தரையில் உட்கார வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு நம் ஊர்க் கோவில் வாசல்கள் ஞாபகம் வந்தன, கோபம் யார் மேல் என்று தெரியாமல் போய்விட்டது.

சரி, வாருங்கள், தெருவில் நடப்போம். இந்த ஜன்னல் கம்பியைப் பாருங்கள், ஆறுமுனை நட்சத்திரம். ஒரு காலத்தில் இது யூதர்களின் வீடு. இப்போது கீழே பழம்பொருள் கடை, பஷ்மினா சால்வைக் கடை. வாசனை உங்களுக்கு வராது, சொல்கிறேன்: சுக்கு, மிளகு, கொஞ்சம் ஈரச் சாக்கு. மிளகு வியாபாரிகள் சங்கத்தின் கட்டடமும் இதே தெருவில்தான்.

இஸ்ரேல் 1948-ல் உருவானதும் ஐம்பதுகளில் மலபாரி யூதர்கள் ஏறக்குறைய மொத்தமாகக் கிளம்பிவிட்டார்கள். துரத்தி யாரும் போகவில்லை, ஆசைப்பட்டுப் போனார்கள். பரதேசிகள் மெதுவாகப் போனார்கள். 1968-ல் இதன் 400ஆம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், தபால்தலை வெளியிட்டார்கள். இன்று முறையான கூட்டு வழிபாட்டுக்குத் தேவையான பத்து ஆண்களே உள்ளூரில் இல்லை, வெளியிலிருந்து யூதப் பயணிகள் வந்தால்தான் கணக்கு நிறையும்.

கொஞ்சம் தள்ளி மலபாரி யூதர்களின் கடவும்பாகம் ஜெப ஆலயம் இருந்தது. அதன் உள்மர வேலைப்பாட்டைக் கழற்றி எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இங்கே மிச்சமிருந்த கட்டடம் 2019 மழையில் முன்பக்கம் இடிந்து விழுந்தது. பரதேசி ஆலயத்துக்கு மட்டும் டிக்கெட், வரிசை, என்னைப் போல வ்லாக் எடுப்பவர்கள். மேடை ஏற விடாதவர்களின் கட்டடம் நிற்கிறது, தனியாகக் கட்டிக்கொண்டவர்களுடையது மண்.

இதோ இந்த வீடு, பரதேசி யூதர்களில் ஒருவரான சாரா கோஹெனுடைய பூவேலைக் கடை. அவர் 2019-ல் 96 வயதில் காலமானார். கடைசிவரை அவரைத் தாயைப் போலப் பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம். ரொட்டியை மூடும் துணி ஒன்று வாங்கினேன், ஓய்வுநாள் ரொட்டியை அதனால் மூடுவார்களாம். வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன். "நல்லா இருக்குடா, மிக்சிக்குப் போட்டுடலாம்" என்றார். வேண்டாம்மா என்று சொல்லியிருக்கிறேன், கேட்பாரா தெரியவில்லை.

மணிக்கூண்டைக் கடைசியாக ஒரு தடவை காட்டிவிடுகிறேன். 1760 வாக்கில் கட்டியது, இதுவும் ராஹபி கைங்கரியம்தான். ஒரு முகத்தில் ஹீப்ரு எழுத்து, ஒன்றில் ரோமன் எண், அரண்மனையைப் பார்த்த முகத்தில் மலையாள எண். ராஜா மாடியிலிருந்து தன் எழுத்திலேயே மணி பார்க்கலாம். எனக்கு ரோமன்தான் வாசிக்கத் தெரியும், அதன்படி படகுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. நாளை கேரளத்துச் சேந்தமங்கலம். அங்கே 1269-ஆம் ஆண்டு ஹீப்ரு கல்லறைக் கல் ஒன்று இருக்கிறது, சாரா பத் இஸ்ரேல் என்ற பெண்ணுடையது. காலைப் பேருந்தைப் பிடித்தால் நாளை ராத்திரி வீடியோ வரும்.