மீசோதெலியோமா: நாற்பது வருஷத்துக்கு முந்தைய தூசி

மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் எழுபது வயதுக்காரரிடம் முதலில் வரும் கேள்வி, "சிகரெட் பிடிப்பீங்களா?" கேட்க வேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் இன்றைக்கு நாம் பார்க்கப்போகும் நோயில் அந்தக் கேள்வி பெரிதாக எதையும் காட்டிக்கொடுக்காது. "இருபது வயசுல என்ன வேலை பார்த்தீங்க? உங்க அப்பா என்ன வேலை பார்த்தார்? சின்ன வயசுல வீட்டுப் பக்கத்துல என்ன ஆலை இருந்தது?" இப்படிக் கேட்டால்தான் நூல் பிடித்துப் போக முடியும். நோயின் பெயர் மீசோதெலியோமா.

[திரையில்: நெஞ்சுக்கூட்டின் குறுக்குவெட்டுப் படம். நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய கோடுகள் மட்டும் நிறம் மாறுகின்றன.]

நிறையப் பேர் இதை நுரையீரல் புற்றுநோய் என்றே நினைக்கிறார்கள். இதுவும் புற்றுநோய்தான், ஆனால் தொடங்குவது நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய ஜவ்வில். அந்த ஜவ்வு இரண்டு அடுக்கு, ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, இன்னொன்று விலா எலும்புப் பக்கம், மூச்சு விடும்போது இரண்டும் உரசாமல் வழுக்கிக்கொண்டு போக நடுவில் துளியூண்டு திரவம். வயிற்றுக்குள்ளும், இதயத்தைச் சுற்றியும், விதைகளைச் சுற்றியும் இதே மாதிரி ஜவ்வு உண்டு, அங்கேயும் இந்த நோய் வரலாம். ஆனால் நான்கில் மூன்று பங்கு நெஞ்சில்தான். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 30,000 பேருக்கு வருகிறது, மற்ற புற்றுநோய்களோடு வைத்துப் பார்த்தால் குறைவு. ஆனால் இவ்வளவு தெளிவாக ஒரு பொருளை நோக்கி விரல் நீட்டும் புற்றுநோய்கள் அதிகம் கிடையாது.

அந்தப் பொருள் ஆஸ்பெஸ்டாஸ். தமிழில் கல்நார். வெட்டி எடுக்கும்போது பாறை, பிரித்தால் பஞ்சு மாதிரி இழை இழையாக வரும். நெருப்பில் எரியாது, வெப்பம் கடத்தாது, இழுத்தால் சட்டென்று அறாது, விலையும் மலிவு. விடுவார்களா? கப்பல் பாய்லர், நீராவிக் குழாயின் உறை, பிரேக், கிளட்ச், கூரைத் தகடு, தண்ணீர்க் குழாய், தரை ஓடு, தீயணைப்பு உடை என்று எல்லாவற்றிலும் சேர்த்தார்கள். இதில் உச்சம் என்னவென்றால், 1952 முதல் 1956 வரை அமெரிக்காவில் விற்ற கென்ட் சிகரெட்டின் ஃபில்டருக்குள்ளேயே நீல ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. உடம்புக்குப் பாதுகாப்பு என்று சொல்லி விற்ற ஃபில்டர் அது!

ஆறு கனிமங்களைச் சேர்த்துத்தான் ஆஸ்பெஸ்டாஸ் என்கிறோம். வியாபாரத்தில் பெரிதாகப் புழங்கியவை மூன்று: நீலம் (குரோசிடோலைட்), பழுப்பு (அமோசைட்), வெள்ளை (கிரிசோடைல்). நீலமும் பழுப்பும் நேரான ஊசி போன்ற இழைகள், வெள்ளை சுருண்ட இழை. இந்த வித்தியாசத்தை வைத்து ஒரு பெரிய வாதமே நடக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

[திரையில்: ஒரு தலைமுடி, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய இழை. மெல்லப் பெரிதாகிறது.]

சரி, இந்த இழை உள்ளே போய் என்ன செய்கிறது? தகட்டை அறுக்கும்போதோ உடைக்கும்போதோ கிளம்பும் இழைகளில் பல, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியவை. மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். வாசனை இல்லை, தொண்டை கரகரக்காது, தும்மல்கூட வராது. அதுதான் இதில் மோசமான விஷயம், உடம்பு எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. உள்ளே போன இழைகளில் ஒரு பகுதி சளியோடு வெளியே வந்துவிடும். மிச்சம் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் இறங்கி, அங்கிருந்து ஜவ்வுக்கும் போய்ச் சேர்கிறது. உடம்பின் துப்புரவுச் செல்கள், மேக்ரோஃபேஜ் என்பார்கள், அதை விழுங்கப் பார்க்கும். ஆனால் இழை அந்தச் செல்லைவிட நீளம். முழுசாக விழுங்கவும் முடியாது, விடவும் மாட்டாது. அந்தப் போராட்டத்தில் செல் கக்கும் வேதிப்பொருட்கள் சுற்றியிருக்கும் திசுவைப் புண்ணாக்குகின்றன, டிஎன்ஏவைக் கெடுக்கின்றன. செல் செத்தால் அடுத்த செல் வரும், அதுவும் அதே இழையோடு மல்லுக்கட்டும். இழை எளிதில் கரைவதில்லை என்பதால் இந்த அழற்சி ஆண்டுக்கணக்கில் அணையாமல் இருக்கிறது. செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில் இழை குறுக்கே வந்து குரோமோசோம்களைக் குளறுபடி செய்வதும் ஆய்வகத்தில் பார்க்கப்பட்டிருக்கிறது.

இதனால்தான் இவ்வளவு தாமதம். முதன்முதலில் தூசி உள்ளே போனதற்கும் நோய் தெரிவதற்கும் நடுவே பொதுவாக 20 முதல் 50 ஆண்டுகள்.

இந்தத் தாமதத்தைத் தாண்டி இரண்டையும் முடிச்சுப் போட்டது எப்படி என்பது நல்ல கதை. தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லி என்ற ஊரில் காசநோய் ஆஸ்பத்திரி ஒன்று, அங்கே ஸ்லெக்ஸ் என்று ஒரு டாக்டர். அவர் ஒன்றைக் கவனித்தார். நெஞ்சு ஜவ்வில் கோளாறோடு வருகிறவர்களில் சிலருக்குக் காசநோய் மருந்து வேலை செய்கிறது, சிலருக்குச் செய்யவே இல்லை. குணமாகாதவர்கள் ஊருக்கு மேற்கே இருந்து வருகிறவர்கள், அந்தப் பக்கம்தான் நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கங்கள். அதே நேரத்தில் நோய்க்குறியியல் நிபுணர் வாக்னர் பிரேதப் பரிசோதனையில் இந்த அபூர்வக் கட்டியைப் பார்த்திருந்தார். இவர்களோடு மார்ச்சண்ட் என்பவரும் சேர்ந்து, 1960இல் 33 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அந்தச் சுரங்கப் பகுதியோடோ ஆஸ்பெஸ்டாஸ் வேலையோடோ ஏதோ ஒரு தொடர்பு. அதில் சுரங்கத்துக்குள் காலே வைக்காதவர்களும் உண்டு, குழந்தையாக அந்தப் பக்கம் வளர்ந்தது மட்டும்தான் தொடர்பு. மருத்துவக் கருவி எதுவும் கண்டுபிடிக்காததை, நோயாளியின் ஊரைக் கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஆபத்து ஆலைச் சுவரோடு நிற்பதில்லை என்பது அப்புறம் பல இடங்களில் தெரிந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் விட்டனூமில் சுரங்கக் கழிவைச் சாலையிலும் பள்ளி மைதானத்திலும் கொட்டினார்கள். 1966இல் சுரங்கம் மூடியாகிவிட்டது, அங்கே ஓடி விளையாடிய பிள்ளைகளுக்குப் பெரியவர்களான பிறகு நோய் வந்தது. இத்தாலியின் கசாலே மொன்ஃபெர்ராட்டோவில் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஆலை 1986இல் மூடியது, அந்த ஊரில் இன்னமும் நோயாளிகள் வருகிறார்கள். கணவர் வேலையிலிருந்து போட்டுக்கொண்டு வந்த சட்டையை உதறித் துவைத்த மனைவிமார் பலர் இந்த நோயில் இறந்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் ஒரு நாள்கூட ஆலை வேலைக்குப் போனதில்லை.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் முழுத் தடை வந்துவிட்டது, ஆனாலும் இன்றைக்கு வரை ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் மீசோதெலியோமாவில் இறக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த வியாபாரம் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கே இந்தத் தாமதம்தான் காரணம். இன்றைக்கு வேலைக்குச் சேர்ந்தவர் நாளைக்கே விழுந்திருந்தால் பத்து வருஷம்கூட ஓடியிருக்காது.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். தூசி பட்ட பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் வருவதில்லை. எவ்வளவு தூசி, எத்தனை வருஷம், எந்த வயதில் என்பதைப் பொறுத்து ஆபத்து ஏறும். இந்த அளவுக்குக் கீழே பயமே இல்லை என்று சொல்ல ஒரு கோடும் கிடையாது. துருக்கியின் கப்படோசியா கிராமங்கள் சிலவற்றில் எரியோனைட் என்ற வேறு ஒரு இழைக் கனிமத்தால் இதே நோய் வருகிறது. பிஏபி1 என்ற மரபணுவில் பிறவியிலேயே குறை இருப்பதால் இந்த நோய் எளிதில் வரும் குடும்பங்களும் உண்டு.

சிகரெட்? மீசோதெலியோமாவை அது கூட்டுவதாகத் தெரியவில்லை. ஆனால் ஆஸ்பெஸ்டாஸும் சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து எகிறுகிறது, அதனால் தூசியில் வேலை பார்த்தவர் புகையை விடுவது உண்மையிலேயே பலன் தரும்.

[திரையில்: எக்ஸ்ரே. ஒரு பக்கம் அடியில் வெள்ளையாக நீர் தேங்கியிருக்கிறது.]

நோய் எப்படித் தெரியும்? மூச்சு வாங்கும், ஒரு பக்க நெஞ்சு வலிக்கும், உடம்பு இளைக்கும். எக்ஸ்ரேயில் நீர் கோத்திருப்பது தெரியும். இதே படம் காசநோயிலும் வரும், நிமோனியாவிலும் வரும், அதனால் மாதக்கணக்கில் வேறு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. எடுத்த நீரைச் சோதிப்பது பல சமயம் போதாது, சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு ஜவ்விலிருந்து திசு எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். முன்கூட்டியே கண்டுபிடிக்கிற, நம்பகமான ரத்தப் பரிசோதனை இதுவரை இல்லை.

சிகிச்சை பற்றிப் பூசி மெழுக விருப்பமில்லை. முழுக்கக் குணமாவது மிக அரிது. பெமெட்ரெக்செட், சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு வழிவகுத்த ஆய்வில் இடைநிலை ஆயுள் சுமார் 9 மாதத்திலிருந்து 12 மாதமானது. 2020இல் நிவோலுமேப், இபிலிமுமேப் என்ற இரண்டு நோயெதிர்ப்பு மருந்துகள் வந்தன, ஆய்வில் கீமோவோடு 14 மாதம், இவற்றோடு 18 மாதம். பெரிய அறுவைச் சிகிச்சை உதவும் என்று ரொம்ப நாள் நம்பினார்கள், பிரிட்டனில் நடந்த மார்ஸ் 2 ஆய்வில் அறுவையும் கீமோவும் சேர்ந்து எடுத்தவர்களைவிடக் கீமோ மட்டும் எடுத்தவர்களே நன்றாக இருந்தார்கள். வயிற்றில் வரும் வகையில், கட்டிகளை அகற்றிவிட்டுச் சூடான கீமோ மருந்தை வயிற்றுக்குள்ளேயே சுற்றவிடும் முறை சிலருக்குப் பல ஆண்டுகள் கொடுக்கிறது.

இடைநிலை என்பதைத் தேதி குறித்த மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்றில் இதே நோய், அப்போது சொல்லப்பட்ட இடைநிலை 8 மாதம். அதன் பிறகு அவர் 20 ஆண்டுகள் இருந்தார், கடைசியில் இறந்தது வேறு புற்றுநோயால்.

இப்போது அந்த வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் வாதம். நீலத்தையும் பழுப்பையும்விட வெள்ளை இழை நுரையீரலிலிருந்து சீக்கிரம் வெளியேறுகிறது, மீசோதெலியோமாவை உண்டாக்கும் வீரியமும் அதற்குக் குறைவு என்பது உண்மை. இதைப் பிடித்துக்கொண்டு "கவனமாகப் பயன்படுத்தினால் பாதுகாப்பு" என்று விற்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் எல்லா வகைகளையும் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பிரிவில்தான் வைத்திருக்கிறது. கவனமாக என்பது ஆலைக்குள் நடக்கலாம், ஐம்பது வருஷம் கழித்து அதே தகட்டை உடைக்கப்போகும் கூலித் தொழிலாளிக்கு யார் சொல்லப்போகிறார்கள்? ஆஸ்திரேலியா 2003 முடிவில், ஐரோப்பிய ஒன்றியம் 2005இல், கனடா 2018இல் தடை செய்தன. ரஷ்யாவும் கஸகஸ்தானும் இன்னும் தோண்டுகின்றன.

உங்களுக்கோ வீட்டுப் பெரியவர்களுக்கோ கப்பல், பாய்லர், பிரேக், கூரைத் தகடு, கட்டட இடிப்பு மாதிரி வேலை இருந்திருந்தால் எந்த ஆண்டு, எங்கே, என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். நோய் வந்தால் இழப்பீடு கேட்க வழி உள்ள நாடுகளில் அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு.

வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் பதற வேண்டாம். உடையாத தகடு சும்மா இருக்கும்வரை பெரிதாக இழை விடாது. அதைத் துளையிடாதீர்கள், அறுக்காதீர்கள், கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், வேகமாக நீர் அடித்துக் கழுவாதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் தகட்டை நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டுவார்கள். விழுந்த தூளை விளக்குமாறு போட்டுக் கூட்டினால் மறுபடி காற்றில் ஏறும், ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். சாதாரணத் துணி முகக்கவசம் இந்த இழைகளைத் தடுக்காது.