ரோஸ்மில்க் விலை 25,000 ரூபாய்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். மேடைக்கு வணக்கம். ராட்டினத்துக்கு ஓடுகிற பிள்ளைகளைச் சட்டையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிற சோழவந்தான் தாய்மார்களுக்கு ரெண்டு வணக்கம்.

பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கக் காசு கொடுத்து ஆலோசகர் வைக்கலாமா, வேண்டாமா? நான் வேண்டாம் கட்சி. அரசுப் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறவன் நான். கணக்கு வாத்தியார் என்றதும் முன்வரிசையில் ரெண்டு பேர் எழுந்திருக்கிறார்கள். உட்காருங்கப்பா, கணக்கு வராது, கதைதான் வரும்.

என் மைத்துனருக்கு உசிலம்பட்டி. மகனுக்குக் கட்ஆஃப் 178. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200-க்கு 178. நல்ல மார்க். வீட்டுக்குள்ளேயே நான் ஒருத்தன் வாத்தியார் இருக்கிறேன். என்னிடம் கேட்டாரா? இல்லை. 'மாமா சும்மா சொல்லுவார், சும்மா சொல்றது எப்படிங்க சரியா இருக்கும்?' என்று சொல்லிவிட்டு, மதுரையில் ஒரு மாடியில் ஆலோசகர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய்விட்டார்.

கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி. மீன் தொட்டி. உட்கார்ந்ததும் ஒரு பெண் உயரமான கிளாஸில் ரோஸ்மில்க் கொண்டு வந்து கொடுக்கிறது. மைத்துனர் அதைக் குடித்தார். மகன் வேண்டாம் என்றான், அதையும் குடித்தார். பிற்பாடு அவரே கணக்குப் போட்டுச் சொன்னார்: 'மாமா, கொடுத்தது 25,000. எனக்குக் கிடைச்சது ரெண்டு ரோஸ்மில்க். ஒண்ணு பன்னெண்டாயிரத்து ஐந்நூறு.'

ஆலோசகர் பையனைக் கேட்டார், 'உனக்கு என்னப்பா பிடிக்கும்?' பையன் உண்மையைச் சொன்னான், 'டிராக்டர் பிரிச்சுப் பார்க்கப் பிடிக்கும் சார்.' அவர் லேப்டாப்பில் டொக்கு டொக்கு என்று தட்டினார். ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். சொன்னார், 'ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்.' சரி என்று எழுந்தார்கள். வெளியே வெயில். ஏசியை விட்டுப் போக மனசில்லாமல் மைத்துனர் அங்கேயே ஓரமாக உட்கார்ந்துவிட்டார். அடுத்து ஒரு பையன். அவனுக்குக் கிரிக்கெட் பிடிக்குமாம். டொக்கு டொக்கு. 'ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்.' அப்புறம் ஒரு பொண்ணு, கலெக்டர் ஆகணுமாம். டொக்கு டொக்கு. நீங்களே சொல்லுங்க! (கூட்டம் சொன்னது.) அதேதான். என் மைத்துனரே உள்ளே போய் 'எனக்கு ஆடு மேய்க்கப் பிடிக்கும்' என்றிருந்தால் அவருக்கும் அதைத்தான் கொடுத்திருப்பார்.

இனிமேல்தான் கதை. பையனின் யூசர் நேம், பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் வாங்கிக்கொண்டு விருப்பப் பட்டியலை ஆலோசகரே போட்டார். பொறியியல் கலந்தாய்வில் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? நம்முடைய முறை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, இடம் இருக்கிற முதல் கல்லூரியைக் கொடுத்துவிடும். அப்படியானால் முதல் இடத்தில் எதைப் போட வேண்டும்? நமக்கு ரொம்பப் பிடித்ததை. அவர் போட்டது, யாரும் கேள்விப்படாத ஒரு கல்லூரி. 95 கட்ஆஃபுக்கே வா வா என்று கூப்பிடுகிற கல்லூரி. நம் திருப்பரங்குன்றத்தில் 1957-லிருந்து நிற்கிற தியாகராசர் பொறியியல் கல்லூரி பட்டியலில் பதினாலாவது! கிடைத்திருக்குமோ கிடைத்திருக்காதோ, அது வேறு. கேட்கவே இல்லையே!

கம்ப்யூட்டர் ஒரு நொடியில் கொடுத்துவிட்டது. மைத்துனர் என்னிடம் ஓடி வந்தார். 'மாமா, மேல்நோக்கி நகர்த்தச் சொல்லி ஒரு வழி இருக்காமே?' இருக்கிறது. நமக்குக் கிடைத்ததற்கு மேலே பட்டியலில் உள்ள கல்லூரிக்குத்தான் நகர முடியும். முதல் விருப்பமே கிடைத்தவனுக்கு மேலே என்ன இருக்கிறது? கூரைதான் இருக்கிறது.

இந்தக் கதையை மைத்துனர் போகிற இடமெல்லாம் சொல்கிறார். தேவைக்கேற்ப விலையும் ஏறுகிறது. வளைகாப்பில் 25,000. காதுகுத்தில் 40,000. போன மாதம் ஒரு துக்க வீட்டில் 60,000 என்று சொல்லி அழுதார், இறந்தவருக்குத்தான் அழுகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நான் சொன்னது முதல் பதிப்பு.

இங்கே வெற்றிலைக்காரர்கள் இருக்கிறீர்கள். கவுளிக்கு மேலே நாலு தளதள இலையை வைத்துக் கட்டினால் நீங்கள் வாங்கிவிடுவீர்களா? பிரித்து, விசிறி, நடு இலையை இழுத்துப் பார்க்க மாட்டீர்களா? இலைக்கு அவ்வளவு பார்க்கிறவர், பையன் படிப்புக்கு வழவழ நோட்டீஸில் நாலு படத்தைப் பார்த்ததும் பையைத் திறக்கிறார்.

எதிரணியில் தம்பி ஒருவர், வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசகர் வேண்டும் என்றார். போகட்டும், போகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். இந்தப் பந்தலில் விசாவோடு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

ஆனால் பேராசிரியர் அம்மா ஒன்று சொன்னார்கள் பாருங்கள். 'வாத்தியாருக்குக் கல்யாணமே தரகர் தயவில்தான் நடந்தது. பெண்டாட்டி தேடத் தரகர் வேண்டும், பிள்ளைக்குக் கல்லூரி தேட வேண்டாமா?' என்ன விசில்! என் வீட்டம்மா மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். அவர்களும் சேர்ந்து கைதட்டினார்கள்.

நடுவர் ஐயா, தலைப்பு இருக்கட்டும், இதற்குப் பதில் சொல்லாமல் நான் வீட்டுக்குப் போக முடியாது.

ஆமாம், தரகர்தான். பெண் வீட்டில் போய் 'மாப்பிள்ளை ஹெட்மாஸ்டர்' என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு எங்கள் ஹெட்மாஸ்டர் பல் பிடுங்கப் போயிருந்தார், மத்தியானம் வரைக்கும் நான் பொறுப்பு. அந்த அரை நாளில் என் கல்யாணத்தை முடித்துவிட்டார். என்னிடம் என்ன சொன்னார்? 'பொண்ணு வாயைத் திறந்து பேசாது சார்.' சிரிக்காதீங்க, பார்த்துக்கிட்டிருக்காங்க. எங்கள் பக்கம் 500, பெண் வீட்டில் 500. மண்டபத்துக்காரரிடமும் ஏதோ வாங்கினார் என்பது முதல் பிள்ளை பிறந்த பிறகுதான் தெரிந்தது. அம்மா, நீங்களே தரகரை இழுத்தீர்கள், அதனால் கேட்கிறேன். ஆலோசகர் நம்மிடம் வாங்குவது தெரிகிறது. கல்லூரியிடமும் வாங்குகிறாரா என்று எந்த அப்பாவாவது கேட்டாரா?

என் தரகர் பொய் சொன்னார், ஆனால் ஊரிலேயே இருந்தார். கல்யாணமான ஆறாம் மாதம் ஒரு பஞ்சாயத்து. கூப்பிட்டோம். வந்தார், சாப்பிட்டார், ரெண்டு பேரையும் திட்டினார், போனார். என் மைத்துனர் ஆகஸ்ட் மாதம் அந்த மாடிக்கு ஏறிப் போனார். கண்ணாடிக் கதவில் 'வாடகைக்கு விடப்படும்'. மீன் தொட்டியைக்கூடக் காணோம்.

மணி அடிக்கிறீர்கள். ஒரு நிமிஷம் ஐயா.

அரசு சேர்க்கை உதவி மையம் வைத்திருக்கிறது. உட்கார வைத்துப் பதிவு செய்து கொடுப்பார்கள். பதிவுக் கட்டணம் 500, பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 250. அவ்வளவுதான், ரோஸ்மில்க் கிடையாது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குப் போன் போட்டுக் கேட்கலாம். நானூறுக்கு மேல் கல்லூரி இருக்கிறதே என்று பேராசிரியர் அம்மா பயமுறுத்தினார்கள். நம் பிள்ளை போகப்போவது ஒன்றுக்குத்தானே.

என் வகுப்பில் ஒரு பொண்ணு. அம்மா பூ கட்டுகிறவர். விடிவதற்குள் மாட்டுத்தாவணிக்குப் போய் உதிரிப்பூ வாங்கி வருவார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோயம்புத்தூரில் ஓர் அரசுக் கல்லூரி கிடைத்தது, செலவு அரசாங்கத்தோடது. சேரலாமா வேண்டாமா என்று கேட்க அந்த அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மடியில் பூ. பேசிக்கொண்டே கட்டுகிறார். ரெண்டு பூ இந்தப் பக்கம், ரெண்டு பூ அந்தப் பக்கம், நாரை ஒரு சுற்று. பிளேஸ்மென்ட் சொன்னேன், பாடப்பிரிவு சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு கை நின்றது. 'சார், அந்த ஊர்ல தண்ணி எப்படி இருக்கும்? இவளுக்கு உப்புத் தண்ணி சேராது.'

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னை இதைக் கேட்டதில்லை. அந்தக் கல்லூரி ஹாஸ்டலில் இருந்த பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் போட்டேன். 'நல்லா இருக்கும் சார்' என்றான். ஸ்பீக்கரில் போட்டேன். அந்த அம்மா கேட்டார். மறுபடியும் கட்ட ஆரம்பித்தார்.

இப்போது அந்தப் பிள்ளை மூன்றாம் வருஷம். முதல் லீவுக்கு வந்தபோது வீட்டுக்குப் போகும் வழியில் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. பையில் துணியெல்லாம் பிதுங்குகிறது. நடுவில் ஒரு ரெண்டு லிட்டர் பாட்டில், மூடி கசியாமல் இருக்கப் பாலிதீன் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறது. என்னம்மா இது என்றேன். 'ஹாஸ்டல் தண்ணி சார். அம்மா குடிச்சுப் பார்க்கட்டும்னு கொண்டு வந்தேன்.'

நடுவர் ஐயா, ரெண்டாவது மணியும் அடித்துவிட்டீர்கள். வணக்கம்.