நிழலில் காயட்டும்

நேயர்களுக்கு வணக்கமுங்க.

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, எந்த ஊரானாலும் காலை 6 மணிக்கே நீச்சல் குளத்து வாசலில் பிள்ளைகள் துண்டும் பையுமாக நிற்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது. எங்கள் காலத்தில் கிணறுதான். மிதப்பதற்காக முதுகில் சுரைப்புருடையை, அதாவது காய்ந்த சுரைக்குடுக்கையை, கட்டி அப்புச்சி, அம்மாவைப் பெற்ற தாத்தா, தண்ணீரில் இறக்கிவிடுவார். வயசுக்கு வந்ததும் பெண் பிள்ளைகளுக்கு அதுவும் நின்றுபோகும். இன்றைக்குப் பெண் பிள்ளைகள் அதிகமாக வருகிறார்கள். அவர்கள் பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே இன்று துணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

துணிக்கும் நீச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். போன வருஷம் என் மகளின் பெண், பதினோரு வயசு, மே மாதக் கடைசியில் ஒரு நாள், "அமுச்சி, நான் இனி நீச்சலுக்குப் போகலைங்க" என்றாள். யாராவது திட்டினார்களா என்றேன். இல்லை. தண்ணீரிலிருந்து ஏறும்போது காஸ்ட்யூம் பின்பக்கம் தொங்குகிறது, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அழுதாள். ஏப்ரலில்தான் வாங்கினது.

திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடிக்கச் சேர்ந்து, ஓவர்லாக் தையல் மெஷின் பழகி, அப்புறம் இருபது வருஷம் செக்கிங் மேசையில் நின்றவள் நான். அந்தக் காஸ்ட்யூமைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்தேன். துணிக்குள்ளிருந்து பூனை முடி மாதிரி வெள்ளை வெள்ளையாக மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. விட்டதும் துணி பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. லைக்ரா அறுந்துவிட்டது.

லைக்ரா என்று நாம் சொல்வது ஒரு கம்பெனி வைத்த பெயர். இழையின் பெயர் ஸ்பான்டெக்ஸ். 1958இல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது. தன் நீளத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இழுபட்டுத் திரும்பிவிடும். பொதுவாக நீச்சல் உடையில் ஐந்தில் நான்கு பங்கு நைலானோ பாலியெஸ்டரோ இருக்கும், ஒரு பங்குதான் இது. நைலான் நூலோடு கூடவே ஓட்டிப் பின்னுவதால் வெளியே தெரியாது. ஆனால் உடை உடம்பைப் பிடித்து நிற்பதெல்லாம் அந்த ஒரு பங்கால்தான். நைலான் பல வருஷம் கிடக்கும். அந்த மெல்லிய இழைதான் முதலில் போகும்.

அதற்கு முதல் எதிரி குளோரின். கோடையில் குளத்துக்கு வரும் கூட்டமும் அதிகம், வெயில் பட்டுத் தண்ணீரில் உள்ள குளோரினும் சீக்கிரம் குறைந்துவிடும். அதனால் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அது வேண்டும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் குளித்து முடித்து ஈரக் காஸ்ட்யூமைப் பாலிதீன் கவரில் சுருட்டி, பையில் திணித்து, வண்டி டிக்கியில் வைத்துவிட்டு, மத்தியானம் வரை மறந்துவிடுகிறோம். பூட்டின வண்டிக்குள் இருக்கும் சூட்டில், துணியில் தங்கின குளோரின் அந்த இழையை அரித்துக்கொண்டே இருக்கும். கவரைத் திறந்ததும் ஒரு புழுங்கின நாற்றம் வருமே, அப்படியே விட்டால் பூஞ்சையும் பிடித்துவிடும்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் ஷவரில் காஸ்ட்யூமோடு நன்றாக நனையச் சொல்லுங்கள். துணி நல்ல தண்ணீரை முதலில் குடித்துவிட்டால் குளோரின் தண்ணீரை அவ்வளவாக இழுக்காது. வியர்வையும் உடம்பில் தேய்த்த எண்ணெயும் குளத்துக்குள் போகாமல் இருக்கும். ஏறின உடனே, உடையைக் கழற்றாமலே மறுபடியும் இரண்டு நிமிஷம் ஷவர். இதைப் பிள்ளையே செய்துகொள்ளும். வீட்டுக்கு வந்ததும் அரை பக்கெட் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறட்டும்.

அந்தத் தண்ணீர் எந்தத் தண்ணீர் என்பது நம் பக்கத்தில் பெரிய கேள்வி. சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். போர்வெல் தண்ணீர் மட்டுமே உள்ள வீடுகளில் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகத் துணியில் படிந்துவிடும். துணி மொறமொறவென்று ஆகிவிட்டது என்று சொல்லிச் சொல்லி இன்னும் சோப்பு போடுவோம். வேண்டாம். ஒரு ஸ்பூன் மென்மையான திரவ சோப்பு போதும், இல்லையென்றால் தலைக்குப் போடும் ஷாம்பு கொஞ்சம். அடர்ந்த நிறத் துணி என்றால் பட்டுக்குப் பயன்படுத்துகிற மாதிரி பூந்திக்கொட்டை ஊறின தண்ணீரும் ஆகும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு குடம் நல்ல தண்ணீரை ஒதுக்குங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். குளத்தில் பட்டதையே மறுபடியும் ஊற்றுவதாக ஆகும். துணி மிருதுவாக்கும் திரவமும் வேண்டாம், வாஷிங் மெஷினும் வேண்டாம்.

அப்புறம், பிழிவது. எங்கள் அம்மா துவைக்கிற கல்லில் வேட்டியை ஓங்கி அடித்து, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து முறுக்கி, உச்சி வெயிலில் கொடியில் போடுவார். அது பருத்திக்குச் சரி. பருத்தி இழை நனைந்தால் இன்னும் பலமாகும், அடி தாங்கும், வெயிலும் தாங்கும். அந்தப் பழக்கம் நம் கையில் ஊறிப்போயிருக்கிறது. எதைக் கையில் எடுத்தாலும் முறுக்கத்தான் தோன்றுகிறது. என் மகளும் அப்படித்தான் தினமும் முறுக்கிப் பிழிந்து, மொட்டை மாடியில் சிமெண்ட் ஷீட்டின் மேல் விரித்துப் போட்டிருந்தாள். குளோரின் பாதி வேலை செய்தது, முறுக்கும் அந்த ஷீட்டின் கொதிப்பும் மீதியைச் செய்தன.

பிழிய வேண்டியதே இல்லை. உலர்ந்த துண்டை விரித்து, காஸ்ட்யூமை அதன் மேல் பரப்பி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி உள்ளங்கையால் அழுத்துங்கள். ஈரம் துண்டுக்குப் போய்விடும். பிறகு திண்ணையிலோ வராந்தாவிலோ, கயிற்றுக் கட்டில் மேல் பரப்பிவிடலாம். தோள்பட்டையைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் பட்டை நீளும். நம்முடைய வெயிலுக்கு நிழலிலேயே சீக்கிரம் காய்ந்துவிடும். இஸ்திரி பெட்டியும் காட்ட வேண்டாம். முடிந்தால் இரண்டு உடை வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். இழுபட்ட இழைக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கும்.

லெக்கின்ஸும் இதே கதைதான். ஈரோடு மாவட்டத்துக் கொடிவேரி அணைக்குப் போனால் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குகிறார்கள். அங்கே குளோரின் இல்லை, ஆனால் பாறையில் உட்கார்ந்து வழுக்கினால் துணி உரசி, பின்பக்கம் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும். கிணற்றுப் படியிலும் அப்படியே. உட்காரும் இடத்தில் ஒரு பழைய துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நமக்குக் கடல் இல்லை. லீவில் பாலக்காடு வழியாகக் கேரளக் கரைக்கோ ராமேஸ்வரத்துக்கோ போவோம். கடல் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அலசாத துணி காய்ந்தும் காயாத மாதிரி ஒட்டும். அதனால் தங்கும் இடத்திலேயே அலசிவிடுங்கள். மணலை ஈரத்தில் தேய்க்காதீர்கள். காய்ந்த பிறகு உதறினால் கொட்டிவிடும். ரேயான் கவுன் நனைந்தால் பலம் இழக்கும், அதைக் கசக்கக் கூடாது. சன்ஸ்கிரீன் தடவினால் அது உடம்பில் ஊறிய பிறகு உடையைப் போடுங்கள். சில சன்ஸ்கிரீனில் உள்ள அவோபென்சோன் என்ற பொருள், இரும்பு கலந்த போர் தண்ணீர் பட்டால் துரு நிறத்தில் கறையாகிவிடும். அதன் மேல் பிளீச் ஊற்றினால் கறை இன்னும் கூடும்.

இந்த வருஷம் பேத்திக்கு இரண்டு காஸ்ட்யூம். அலசுவது அவளுடைய வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜன்னல் ஓரத்தில் நின்று அவளே கட்டைவிரலால் இழுத்து வெளிச்சத்தில் பார்க்கிறாள். வெள்ளை இழை தெரிந்தால், விட்டதும் துணி திரும்பவில்லை என்றால், அந்த உடையின் காலம் முடிந்தது. இன்னும் ஒரு வாரம் ஓட்டு சாமி என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். கூச்சத்தோடு ஒரு நாள் கரையில் உட்கார்ந்த பிள்ளையை மறுபடி தண்ணீரில் இறக்க எனக்குப் பத்து நாள் ஆனதுங்க.

வணக்கம்.