சுறுசுறுப்பின் சின்னமும் மஞ்சள் மழையும்

நேயர்களுக்கு வணக்கம். தேனீக்களைப் பற்றிய உரை என்று அறிவிப்பைக் கேட்டதும், தேனின் மருத்துவக் குணங்களை நான் விளக்கப்போவதாக எண்ணிச் சிலர் தேன் போத்தலையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்து வைத்திருக்கக்கூடும். அவர்கள் அவற்றை மீண்டும் அலமாரியிலேயே வைத்துவிடலாம். நான் பேச வந்தது தேனீயின் நடத்தையைப் பற்றி. அதிலும், பள்ளிக் கட்டுரைகள் நாசூக்காக விட்டுவிடும் நடத்தையைப் பற்றி.

தேனீயைப் போலச் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும் என்ற அறிவுரையிலிருந்து தப்பித்த மாணவர் நம்மில் எவரும் இலர். அந்த அறிவுரையை வழங்கியவர்களுள் எவரும் ஒரு தேனீயை ஒரு நாள்கூடப் பின்தொடர்ந்து பார்த்ததில்லை என்பது என் துணிபு. ஜெர்மானிய ஆய்வாளர் மார்ட்டின் லிண்டாவர் பார்த்தார். 1950களின் தொடக்கத்தில், கண்ணாடி பதித்த ஒரு கூட்டில், ஒரே ஒரு வேலைக்காரத் தேனீயை அடையாளமிட்டு, 170 மணி நேரத்துக்கும் மேலாக அது செய்ததையெல்லாம் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். அந்த நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை அது சும்மா இருந்தே கழித்தது. மேலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம், கூட்டுக்குள் அங்குமிங்கும் உலாவுவதிலும் அறைகளை எட்டிப் பார்ப்பதிலும் போயிற்று. எங்கே என்ன வேலை கிடக்கிறது என்று கண்டறிவதற்காகவே அந்த உலா என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். அலுவலகத்தில் கோப்பிக் குவளையும் கையுமாக மேசை மேசையாகச் செல்பவர்களும் இதே விளக்கத்தைத்தான் தருகிறார்கள்.

ஆனால், சோம்பலைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது தேனீயின் சுத்தம். நலமாக இருக்கும் வேலைக்காரத் தேனீ கூட்டுக்குள் மலம் கழிப்பதில்லை. குளிர்நாடுகளில் பனிக்காலம் முழுவதும் அடக்கிக்கொண்டிருந்து, வெயில் சற்றே எட்டிப் பார்க்கும் நாளில் கூட்டமாக வெளியே பறந்து அந்தக் கடமையை முடிக்கும். சிங்கப்பூரில் பனிக்காலம் இல்லை. ஆனால் இங்கே மலைத்தேனீ இருக்கிறது. உயரமான மரக்கிளைகளிலும் சில வேளைகளில் கட்டடங்களின் விளிம்பிலும், ஒற்றை அடையாக, திறந்தவெளியில் தொங்கக் கூடு கட்டும் பெரிய இனம் அது. அந்த இனம் அவ்வப்போது பெருங்கூட்டமாகப் புறப்பட்டு, வானில் வட்டமிட்டபடியே, ஒரே நேரத்தில், அந்தக் கடமையை முடித்துவிட்டு வீடு திரும்பும். கீழே இருப்பவர்களுக்குத் தேனீ கண்ணில் படாது. மஞ்சள் துளிகள் மட்டுமே வந்து சேரும்.

எங்கள் புளோக்கில் ஒரு மூதாட்டி இருந்தார். சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் அவர் உலர்த்திய வெள்ளை வேட்டியில் ஒரு நாள் மஞ்சள் புள்ளிகள் விழுந்திருந்தன. ஒவ்வொன்றும் கடுகை விடச் சற்றே பெரியது. நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் வெளிறியும் காய்ந்திருந்தது. "தம்பி, மேல்வீட்டுக்காரர் வேண்டுமென்றே மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார்" என்று என்னிடம் முறையிட்டார். மேல்வீட்டில் இருந்தவரோ தனியாக வாழ்ந்த சீன முதியவர். அவர் வீட்டில் மஞ்சள் தூளே கிடையாது. அதை எடுத்துச் சொன்னபோது, "அப்படியானால் இதற்காகவே தேக்காச் சந்தைக்குப் போய் வாங்கியிருக்கிறார்" என்றார் அந்த அம்மையார். புள்ளி ஒன்றைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தபோது, அதில் மகரந்தத் துகள்கள் நிறைந்திருந்தன.

அந்த அம்மையாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஒரு வல்லரசே இதே வழியில்தான் சிந்தித்தது. 1981ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹேக், தென்கிழக்காசியாவில் சோவியத் தரப்பு நச்சுப் பொருளைப் பயன்படுத்துவதாகக் குற்றஞ்சாட்டினார். லாவோசிலிருந்து வந்த அகதிகள் கூறிய 'மஞ்சள் மழை' அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. அந்த மக்கள் போரில் பட்ட துன்பம் உண்மையானது; அதில் நகைப்பதற்கு எதுவும் இல்லை. நான் சொல்வது அந்த மஞ்சள் புள்ளிகளைப் பற்றி மட்டுமே. இலைகளில் கிடைத்த புள்ளிகளை ஆராய்ந்தபோது உள்ளே மகரந்தம் இருந்தது. அப்போதும் அமெரிக்கத் தரப்பு அசையவில்லை. நச்சோடு எதிரி மகரந்தத்தையும் திட்டமிட்டே கலந்திருக்கிறான் என்று விளக்கம் கூறியது. தேக்காவுக்குப் போய் வாங்கியிருக்கிறார் என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மேத்யூ மெசல்சனும் தேனீ அறிஞர் தாமஸ் சீலியும் 1984ல் தாய்லாந்துக்குச் சென்று மலைத்தேனீக் கூடுகளைத் தேடி அலைந்தார்கள். அங்கே அந்த மழை அவர்கள் மீதே பொழிந்தது. கோட்பாடு ஒன்றுக்கு இத்தனை நேரடியான சான்று எல்லா அறிவியலாளருக்கும் வாய்ப்பதில்லை. மேலும், புள்ளிகளில் இருந்த மகரந்தத்தில் புரதம் இல்லை, வெறும் ஓடுதான் எஞ்சியிருந்தது. அதாவது, அது ஒரு தேனீயின் வயிற்றைக் கடந்து வந்த மகரந்தம். இந்தத் தேனீக்கள் ஏன் இப்படிக் கூட்டமாகப் புறப்படுகின்றன என்பதற்கு, மலேசியாவில் ஆய்வு செய்த மார்டானும் கெவனும் 1989ல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: வெப்ப நாட்டில், திறந்த வெயிலில் குஞ்சுகளைக் காக்கும் தேனீக்கள், உடல் எடையில் கணிசமான பங்கை இறக்கி வைப்பதன்மூலம் தங்கள் உடலில் சேர்ந்த சூட்டையும் தணித்துக்கொள்கின்றன.

கண்ணாடிக்கு அப்பால் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் இரண்டு விரல்களைக் காட்டுகிறார். மலத்துக்கே நேரம் முழுவதையும் செலவிட்டுவிட்டதால், தேனீயின் ஆட்டத்துக்கு ஒரு வாக்கியம்தான் மிஞ்சுகிறது: பூ இருக்கும் திசையையும் தொலைவையும் தேனீ வயிற்றை அசைத்து ஆடியே தோழிகளுக்குச் சொல்கிறது என்பதைக் கண்டறிந்த கார்ல் வான் பிரிஷ் 1973ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆண் தேனீக்கும் ஒரு வாக்கியம்தான்: கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பதால் அதற்குத் தந்தை கிடையாது, தாத்தா மட்டும் உண்டு, கொட்டுவதற்குக் கொடுக்கும் கிடையாது.

இதை மட்டும் விடாமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாழ்வாரத்திலோ கீழ்த்தளத்திலோ தேனீக் கூட்டம் ஒன்று திடீரென்று கொத்தாக வந்து அமர்ந்தால், கொசு மருந்தை அடிக்காதீர்கள், புகை மூட்டாதீர்கள். பெரும்பாலும் அது வீடு மாறும் வழியில் இளைப்பாறும் கூட்டம்; சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தானாகவே கிளம்பிவிடும். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மலைத்தேனீ விளக்கு வெளிச்சத்தை நாடி வருமாதலால், இரவில் சன்னலைச் சாத்திவிட்டு, அந்தப் பக்கத்து விளக்கை அணைத்துவிடுங்கள். அடையே கட்டிவிட்டால் நகர மன்றத்துக்குத் தெரிவியுங்கள். மறுநாள் துணி உலர்த்துவதானால், கழியை மறுபக்கச் சன்னலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.