பெல்ட் மாற்றியும் சத்தம் போகவில்லையா?

வணக்கம் மக்களே. காக்கி புக்கிட் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறேன். பின்னால் ஸ்பேனர் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றான சிஓஇயைப் புதுப்பித்து 10 வருஷத்துக்கு மேல் ஓடும் வண்டிகளில் அடிக்கடி வரும் புகார் இது: ஏர்கான் போட்டால் முன்பக்கம் டடடட. பெல்ட் மாற்றுவார்கள், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் மாற்றுவார்கள். ஆறு மாதத்தில் சத்தம் திரும்ப வந்து நிற்கும்.

நாலு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க், அதாவது பெல்ட்டை ஓட்டும் எஞ்சினின் முக்கியத் தண்டு, ஒரு சுற்று சுற்றினால் இரண்டு முறை எரிபொருள் எரிந்து உதைக்கும். ஐடிலில் 750 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 25 உதை. ஒவ்வொரு உதைக்கும் கிராங்க் கொஞ்சம் முந்தும், உடனே பின்தங்கும். பெல்ட்டும் அதே ஆட்டம் ஆடும். ஆனால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது; அதன் உள்ளே சுழலும் ரோட்டர் கனமானது, அவ்வளவு சீக்கிரம் வேகம் குறையாது. இந்த இழுபறியில் அடி வாங்குவது டென்ஷனர்.

அதனால்தான் பல வண்டிகளில் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஆல்டர்னேட்டர் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம், வைக்கிறார்கள். கிராங்க் பின்தங்கும் நேரம் ரோட்டரைத் தன் போக்கில் சுற்ற விட்டுவிடும். பெல்ட்டைக் கழற்றி, ஆல்டர்னேட்டர் தண்டைப் பிடித்துக்கொண்டு புல்லியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்க வேண்டும், மறுபக்கம் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் பிடித்தால் ஜாம். அதை அப்படியே விட்டுவிட்டு எத்தனை டென்ஷனர் மாற்றினாலும் காசுதான் தண்டம்.

சரி, இப்போது கையில் இருப்பது கிராங்க் புல்லி. கிட்டே காட்டுகிறேன். நடுவில் ஹப், வெளியே கனமான வளையம், இடையில் இந்தக் கறுப்புக் கோடு ரப்பர். இது பார்க்கிற வேலை வேறு. எஞ்சின் சில குறிப்பிட்ட வேகங்களை எட்டும்போது, உதைகளின் தாளம் கிராங்கின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போய், தண்டே ஈரத் துணி பிழிவதுபோல முறுக்கி முறுக்கி விடும். வெளி வளையம் அந்த முறுக்கலோடு ஒத்து ஆடாது. நடுவில் ரப்பர் நசுங்கி, அதிர்வைச் சூடாக மாற்றித் தின்றுவிடும். ரப்பர் செத்தால் முறுக்கல் முழுக்கத் தண்டின் தலையில்தான்.

இதில் பாருங்கள், வெடிப்பு தெரிகிறதா? நகத்தால் கீறினாலே உதிர்கிறது. உங்கள் புல்லி நன்றாக இருந்தால் ஹப்பிலிருந்து வளையம் வரை பெயிண்டில் நேர்கோடு ஒன்று போட்டு வையுங்கள். அடுத்த சர்வீஸில் கோடு விலகியிருந்தால் ரப்பர் நழுவிவிட்டது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள்.

எடை குறைவு, பிக்கப் கூடும் என்று ரப்பரே இல்லாத அலுமினியப் புல்லி விற்கிறார்கள். தினசரி ஓட்டும் வண்டிக்கு அதை நான் போடமாட்டேன்.

அப்புறம் லாரி அண்ணன்களுக்கு. பெரிய டீசலில் பல நேரம் கிராங்கின் முன்னால் இந்த வேலைக்கு ரப்பருக்குப் பதில் உள்ளே சிலிகான் திரவம் இருக்கும், அதில் ஒரு வளையம் மிதக்கும். இடைவெளி மிகக் குறைவு. ஃபேன் பெல்ட் மாற்றும்போது அதன்மேல் சுத்தியலால் தட்டாதீர்கள், கம்பி வைத்து நெம்பாதீர்கள். மேல் தகட்டில் பள்ளம் விழுந்தால் உள்ளே வளையம் சிக்கிக்கொள்ளும். அது சிக்கியது வெளியே பார்த்தால் தெரியாது. பள்ளமோ கசிவோ கண்டால் நேராகப் புதுசு போடுங்கள்.