மாற்றார் இட்ட பெயர்கள்

அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எதிரியின் விமானம் தலைக்குமேல் வருகிறது. அதன் பெயர் நமக்குத் தெரியாது. அடுத்த நிலையத்துக்கு எப்படித் தகவல் சொல்வது? 1942இல் பசிபிக் போர்முனையில் அமெரிக்கர்கள் இந்தச் சிக்கலில்தான் தவித்தார்கள். ஃபிராங்க் மெக்காய் என்ற உளவு அதிகாரி, ஜப்பானியரின் சண்டை விமானங்களுக்கு ஆண் பெயர்களையும் குண்டுவீச்சு விமானங்களுக்குப் பெண் பெயர்களையும் வைத்து அதைத் தீர்த்தார்.

போர் முடிந்து பனிப்போர் தொடங்கியதும் அதே தேவை சோவியத் விமானங்களை முன்னிட்டு எழுந்தது. மாஸ்கோ தன் விமானங்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. மே தின அணிவகுப்பிலோ, துஷினோ விமானத் திடலில் நடக்கும் விழாவிலோ பறந்து போவதைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டால்தான் உண்டு. ஆகவே அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளின் வான்படைகள் கூடி அமைத்த குழு ஒன்று பெயர்களைத் தேர்ந்தெடுத்தது; மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ அவற்றை ஏற்றுக்கொண்டது.

அந்தப் பெயர்களின் இலக்கணம் மிக நேர்த்தியானது. ஆங்கில எழுத்து 'எஃப்' முதலில் வந்தால் சண்டை விமானம், 'பி' வந்தால் குண்டுவீச்சு விமானம், 'சி' சரக்கு விமானம், 'எச்' ஹெலிகாப்டர், மற்றவை 'எம்'. யாப்பு படித்த நமக்கு அசை எண்ணுவது புதிதல்ல. இவர்களும் தங்கள் மொழியின் கணக்கில் அசை எண்ணினார்கள்: ஓரசைப் பெயர் என்றால் சுழல்விசிறி விமானம், ஈரசை என்றால் ஜெட். ஹெலிகாப்டர்களுக்கு மட்டும் இந்த விதி இல்லை. டியூ-95க்குக் கரடியைக் குறிக்கும் 'பேர்' என்ற ஓரசைப் பெயரும், டியூ-16க்கு 'பேட்ஜர்' என்ற ஈரசைப் பெயரும் அமைந்தது இதனால்தான். இரைச்சல் நிறைந்த வானொலியில் 'பேர்' என்ற ஒற்றைச் சொல் காதில் விழுந்த மறுகணமே, வருவது குண்டுவீச்சு விமானம், விசிறியால் இயங்குவது என்ற இரண்டு செய்திகளும் கேட்டவருக்குப் புரிந்துவிடும். இவ்வளவு சிக்கனமான பெயரிடு முறையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பெயரில் புகழ்ச்சி தொனிக்கக் கூடாது என்ற கவனமும் இருந்தது. மிக்-15க்கு முதலில் 'ஃபால்கன்', அதாவது வல்லூறு, என்று பெயரிட்டவர்கள், எதிரியின் விமானத்துக்கு அது மிகையான சிறப்பு என்று கருதியே 'ஃபேகட்' என்று மாற்றினார்கள் என்பர். சுள்ளிக்கட்டு என்பது அந்தச் சொல்லின் பொருள். வல்லூறு எங்கே, சுள்ளிக்கட்டு எங்கே!

பார்த்ததை மட்டும் வைத்துப் பெயரிட்டதால் வீணாய்ப் போன பெயர்களும் உண்டு. 1967இல் மாஸ்கோ அருகே தொமொதேதவோவில் நடந்த விமானக் காட்சியில் பறந்த ஒரு சோதனை விமானத்துக்கு 'ஃபெய்த்லெஸ்' என்று பெயர் வைத்தார்கள். அந்த விமானம் படையில் சேரவே இல்லை. பட்டியலில் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இதற்கு நேர்மாறாக, ஒரு பெயர் வல்லரசுகளின் பேச்சுவார்த்தை மேசைக்கே வந்து அமர்ந்தது. டியூ-22எம் விமானத்தால் அமெரிக்காவை எட்ட முடியுமா என்பது அணு ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேச்சில் பெரிய வழக்காக இருந்தது. இரண்டாம் சால்ட் ஒப்பந்தம் வியன்னாவில் கையெழுத்தாவதற்கு இரண்டு நாள் முன்பு, 1979 ஜூன் 16 அன்று, சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் அமெரிக்க அதிபர் கார்ட்டரிடம் எழுத்து மூலம் ஓர் உறுதிமொழி அளித்தார். அதில் சோவியத் தரப்பே, அமெரிக்காவில் 'பேக்ஃபயர்' என்று அழைக்கப்படும் டியூ-22எம் விமானம் நடுத்தரத் தொலைவுக் குண்டுவீச்சு விமானம் என்று குறிப்பிட்டது. மாற்றான் இட்ட பெயரை உடையவனே தன் கையால் எழுதிக் கொடுத்த அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

விமானத்தோடு வாழ்ந்தவர்கள் வைத்த பெயர்கள் வேறு வகை. முக்கோண இறக்கை கொண்ட மிக்-21ஐ ரஷ்யர்கள், தங்கள் முக்கோண நரம்பிசைக் கருவியின் பெயரால் 'பாலலைகா' என்றார்கள். மி-24 ஹெலிகாப்டர் அவர்களுக்கு முதலை. சு-25 விமானம் 'கிராச்' என்ற காக்கை இனப் பறவை. நேட்டோ பட்டியலிலோ அது தவளைக்கால். டியூ-160இன் கதை இன்னும் அழகு. மேற்கு நாடுகள் அதை 'பிளாக்ஜாக்' என்று கறுப்புச் சொல் சேர்த்து அழைக்க, ரஷ்யர்கள் 'வெள்ளை அன்னம்' என்றார்கள். அணுகுண்டின் ஒளிவீச்சைத் திருப்பி அனுப்ப வெள்ளை வண்ணம் பூசப்பட்ட அந்த நீண்ட கழுத்துடைய உடலைப் பார்த்தவர்கள் வேறு பெயர் தேட மாட்டார்கள்.

இந்தப் பெயர்களைப் படிக்கும் நம் நாட்டவர் ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும். இந்திய விமானப்படை மேம்படுத்திப் பறக்கவிட்டு, 2025 செப்டம்பரில் சண்டிகரில் விடைகொடுத்த மிக்-21 'பைசன்' வேறு; நேட்டோ பட்டியலில் 'பைசன்' என்பது நான்கு ஜெட் எஞ்சின் கொண்ட மியாசிஷ்சேவ் எம்-4 குண்டுவீச்சு விமானம்.

நேட்டோவின் கரடி நம் மண்ணிலும் வாழ்ந்தது. டியூ-95இலிருந்து பிறந்த நீர்மூழ்கி வேட்டை விமானமான டியூ-142, 1988இல் எட்டு எண்ணிக்கையில் இந்தியக் கடற்படைக்கு வந்தது. முதலில் கோவாவிலும், 1992 முதல் அரக்கோணத்திலும் நிறுத்தப்பட்டது. எஞ்சினுக்கு இரண்டாக, எதிரெதிர்த் திசையில் சுழலும் விசிறிகளின் அதிர்வு அந்த வட்டாரத்து மக்களுக்குப் பழகிய ஒலி. 2017 மார்ச் 29 அன்று அவை பணி ஓய்வு பெற்றன. நேட்டோ ஏடுகளில் அவை 'பேர்-எஃப்'; கடைசி 'எஃப்' இங்கே விமானத்தின் வகையைக் காட்டும் குறி மட்டுமே. நம் கடற்படை அவற்றின் அணிக்கு இட்ட பெயர், பெருங்கடல்களைக் கடக்கும் 'ஆல்பட்ராஸ்' பறவையினுடையது. அவை இறங்கி ஏறிய தளத்தின் பெயர் ராஜாளி.